பழைய பெயரில் ஒரு படம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தேன்மொழியை லார்க்கின் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு கையில் மடிக்கணினிப் பை, மறு கையில் அண்ணிக்கு வாங்கிய மல்லிகைச் சரம், மனசில் பெரியண்ணன் மேல் கோபம். மூன்றையும் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அவள் கடலோர ஊரான மெர்சிங்கில் இறங்கினாள். மல்லிகை வழியிலேயே வாடிவிட்டது. கோபம் அப்படியே இருந்தது.

கோபத்தின் காரணம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெர்சிங் ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், தீவுக்குப் போகிற படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டர் ஒன்றை அவள் பெரியண்ணன் ஹேமநாதன் நடத்துகிறார். படகுகள் ஹாஜி ஜமாலுக்குச் சொந்தம். பதினான்கு வருஷமாக ஹேமநாதனும் மனைவி கஸ்தூரியும்தான் ஹாஜியின் படகுகளுக்கு ஆள் ஏற்றுகிறார்கள். இங்கே படகு தண்ணீரைப் பார்த்துத்தான் கிளம்பும். ஆற்று வாயில் தண்ணீர் வற்றினால் அடிப்பலகை மணலைத் தட்டும். ஆகவே ஒரு நாள் காலை ஏழரை, இன்னொரு நாள் பதினொன்றரை என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும். சீசன் முழுவதற்குமான நேரங்களை ஒரே படமாகப் போட்டு இணையத்தளத்தில் வைத்திருந்தார்கள். தளத்தைச் செய்துகொடுத்தவள் தேன்மொழி. சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை.

ஜூன் மாதம் ஆற்று வாயில் மணல் ஏறிவிட்டது. ஹாஜி நேரங்களை எல்லாம் மாற்றினார். ஹேமநாதனும் புதுப் படம் தயாரித்துத் தளத்தில் ஏற்றினார். அன்று பிடித்தது சனி. ஆகஸ்டு முடிவதற்குள் மூன்று குடும்பங்கள் படகைத் தவறவிட்டன. மூன்று குடும்பமும் போனை நீட்டி, உங்கள் தளத்தில் போட்ட நேரத்துக்குத்தானே வந்தோம் என்று சண்டை பிடித்தது. ஹேமநாதன் கவுண்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் அவர் ஏற்றிய படத்தில் சரியான நேரம்தான் இருந்தது.

கடைசியாக மாட்டியவர்கள் குளுவாங் ஊர்க்காரர்கள். தீவில் சமையல் வேலை செய்யும் மகனின் பிறந்தநாளுக்கு கேக் கொண்டுவந்திருந்தார்கள். கேக் ஜெட்டியிலேயே வெயிலில் இளகியது. அன்று மாலை ஹேமநாதன் தங்கைக்குப் போன் செய்து, படித்தவள் கையில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்பிய என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். படத்தை ஏற்றியது யார் என்று தங்கை திருப்பிக் கேட்டாள். அதோடு இரண்டு வாரம் பேச்சில்லை.

நடுவில் ஹாஜி வந்து, குரலை உயர்த்தாமல், மெர்டேக்கா சுதந்திர தின நீண்ட விடுமுறையில் இன்னும் ஒரே ஒரு குடும்பம் ஜெட்டியில் நின்றாலும் கவுண்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். கத்தியிருந்தால் ஹேமநாதனும் பதிலுக்குக் கத்தியிருப்பார். மெதுவாகச் சொன்னதால் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. விடுமுறை நாளைக் காலை தொடங்குகிறது. இதுதான் நிலைமை.

தேன்மொழியைக் கூப்பிட்டது கஸ்தூரி. புருஷனிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

* * *

ஜெட்டியில் ஹேமநாதன் தீவுக்குப் போகிற காய்கறிக் கூடைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, "சாப்பிட்டு வந்தாளான்னு கேளு" என்று மனைவியிடம் சொன்னார். தேன்மொழி மூன்றடி தூரத்தில்தான் நின்றாள்.

"சாப்பிடலன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் அவளும். அந்த வீட்டில் யாருக்கும் யாரும் இளைத்தவர்கள் இல்லை.

கஸ்தூரி நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். வாடிய மல்லிகையை முகம் சுளிக்காமல் தலையில் வைத்துக்கொண்டாள். கவுண்டருக்குள் மூன்று நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் யாரும் உட்கார்வதில்லை. அது சின்னண்ணன் குணாளனுடையது. ஹாஜியின் படகை ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் தாமதமாக வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காகப் படகை நிறுத்திவைத்தான். தண்ணீர் இறங்கி, படகு மணலில் சிக்கியது. பயணிகள் அத்தனை பேர் முன்னாலும் ஹேமநாதன் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அன்று முதல் அவன் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நாற்காலியை மட்டும் கஸ்தூரி தினமும் துடைத்து வைப்பாள்.

தேன்மொழி சாப்பிட்டுக்கொண்டே, அண்ணன் ஏற்றிய படத்தையும் தளத்தையும் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கஸ்தூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தேனு, எனக்கு இந்த கம்ப்யூட்டர் சமாசாரம் ஒன்னும் தெரியாது. தப்பா இருந்தா சிரிக்காத."

"சொல்லுங்க அண்ணி."

"படகத் தவறவிட்டாங்களே மூணு குடும்பம், மூணு பேரையும் எனக்கு மூஞ்சி தெரியும். எல்லாரும் ஏற்கெனவே நம்மகிட்ட வந்து போனவங்க. மொத தடவையா வர்றவங்க ஒருத்தர்கூட நேரம் தப்பி வரல. நம்மள நம்பித் திரும்பி வர்றாங்க பாரு, அவங்களுக்குத்தான் தப்பாவே காட்டுது."

தேன்மொழியின் கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

ஒரு சந்தேகத்துக்கு நாளைக்கு வருகிற யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றாள். கஸ்தூரி உடனே லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் மலர் டீச்சருக்குப் போன் போட்டாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாளைக்கு இருபத்தாறு பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்து வருகிறார். பாதிப் பிள்ளைகள் இன்னும் படகில் ஏறியதே இல்லையாம். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கஸ்தூரி சாதாரணமாகக் கேட்டாள். எட்டு மணிக்கு என்றார் டீச்சர். படகு பதினொன்றரைக்குத்தானே, இப்போதுகூட தளத்தைத் திறந்து பார்த்தேனே என்றார்.

சனிக்கிழமைப் படகு காலை எட்டேகால்.

கஸ்தூரி சரியான நேரத்தைச் சொல்லி, போனில் தெரிவதைக் காட்டச் சொன்னாள். டீச்சர் தன் போன் திரையைப் படமெடுத்து அனுப்பினார். ஏப்ரல் மாதத்துப் பழைய படம், அச்சு அசலாக. பயணத்துக்கு நாள் குறிப்பதற்காக ஏப்ரலிலும் அதே போனில் அதே தளத்தைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார்.

கஸ்தூரி அந்தத் தளத்தை ஒருநாளும் திறந்ததில்லை. ஜெட்டியிலேயே இருப்பவளுக்கு அது எதற்கு? தேன்மொழி அவள் போனை வாங்கித் திறந்தாள். எட்டேகால் என்று புதுப் படம் வந்தது. இரண்டு போன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தபோது சுவரில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. அண்ணனின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தில்: "படத்தின் பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றாதே. தேனு சொன்னது."

கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

* * *

நடந்தது இவ்வளவுதான். ஒரு தளத்தில் படத்தைப் பார்த்தால் போன் அதில் ஒரு பிரதியைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே பெயரில் படம் கேட்டால், எதற்கு வீண் அலைச்சல் என்று கையிலிருப்பதையே காட்டிவிடும். எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தளம் சொல்ல வேண்டும். தேன்மொழி ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஜெட்டியில் சிக்னல் மோசம், படம் வர நேரமாகும், வைத்திருந்தால் சட்டென்று திறக்கும் என்று எழுதினாள்.

அதே அவள்தான் அண்ணனிடம், படத்தின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் பக்கத்துக்குப் படம் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றும் சொல்லியிருந்தாள். அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பழைய பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றினார். படம் மாறியது, பெயர் மாறவில்லை. ஏற்கெனவே பார்த்தவர்களின் போன்களுக்குச் சேதியே போகவில்லை. பதினொன்றரை என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை. ஆபீஸில் எந்தக் கோப்பும் இப்படி வெளியே போகாது. வீட்டு வேலைதானே, அண்ணன் தளம்தானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒப்பேற்றிவிட்டுப் போயிருந்தாள். ஊரான் தளத்துக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவள் உடன்பிறந்தவனுக்கு அரைகுறையாகச் செய்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது. வரவிடவில்லை.

வெளியே ஹேமநாதன் உயிர்காப்பு மேலாடைகளைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் எதிரே நின்றாள்.

"தப்பு என்னோடதுண்ணே."

ஹேமநாதன் நிமிர்ந்தார். அவள் முழுவதையும் சொன்னாள். ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று எழுதியதையும், பெயரை மாற்றாதே என்று சொன்னதையும், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காததையும். "நீங்க நான் சொன்னபடிதான் செஞ்சீங்க. நான்தான் அரைகுறையா செஞ்சிட்டு, உங்க மேலயே பழியப் போட்டேன்" என்றாள்.

கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கையில் இருந்த மேலாடையை மறுபடி மறுபடி உதறினார். அதில் தண்ணீர் இல்லை.

"அந்த குளுவாங்காரரு போன நீட்டிக் காட்டுனாரு" என்றார் கடைசியில். "ஏமாத்தப் பாக்குறீங்களா, பழைய படத்த வச்சிக்கிட்டு சண்டைக்கு வர்றீங்களான்னு கேட்டுட்டேன். மனுஷன் கையில கேக்கு. அவரு உண்மையத்தான் சொல்லியிருக்காரு."

மேலாடையைக் கொடியில் போட்டார். பிறகு, இப்போது என்ன செய்யலாம் என்று தங்கையிடமே கேட்டார். நடுவில் கஸ்தூரி இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கஸ்தூரி போன் செய்துவிடலாம். ஆனால் டிக்கெட் எடுக்காமல், தளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூவார், பத்து பகாட் போன்ற ஊர்களிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு யார் போன் செய்வது? அவர்கள் யார் என்றே தெரியாது. தளம்தான் அவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அதுவும் இன்றைக்கே.

* * *

மூன்று பேரும் கவுண்டருக்குள் உட்கார்ந்தார்கள். தேன்மொழி எப்படி விளக்குவது என்று யோசித்தபோது, மேசைமேல் அண்ணியின் படகுச் சீட்டுக் கட்டுகள் இருந்தன. மஞ்சள், ரோஜா, பச்சை. ஹாஜி நேரத்தை மாற்றினால் கஸ்தூரி அன்று முதல் வேறு நிறக் கட்டை எடுப்பாள். பழைய நிறத்தோடு யாராவது வந்தால், எழுத்தைப் படிக்காமலேயே நேரம் மாறியதைச் சொல்லி நிறுத்திவிடுவாள். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு நாளில் அவளாகக் கண்டுபிடித்தது.

"அண்ணி செய்றதத்தான் நானும் செய்யப்போறேண்ணே" என்றாள் தேன்மொழி. "படத்துல எது மாறினாலும் பேரும் மாறணும். பேரு புதுசா இருந்தா போன்ல அந்தப் படம் இருக்காது. வேற வழியில்லாம நம்மகிட்ட வந்து கேக்கும்."

ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர் வைக்க நான் எங்கே போவேன் என்று ஹேமநாதன் கவலைப்பட்டார். தனக்குப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கவே மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர். நீங்கள் வைக்கவே வேண்டாம் என்றாள் தங்கை. படத்தில் உள்ளதை எல்லாம் கணக்குப் போட்டு, பெயருக்குப் பின்னால் எட்டு எழுத்தை அவள் எழுதும் நிரலே ஒட்டிவிடும். முகப்புப் பக்கத்தை மட்டும் போன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்படி வைத்துவிடுவாள். இன்றைக்கு எந்தப் படம் என்பதை அந்தப் பக்கம் சொல்லும். படம் மாறாத நாட்களில் போன் கையிலிருக்கும் பிரதியையே காட்டும், சிக்னல் இல்லாத இடத்திலும் சட்டென்று திறக்கும்.

மூன்று மணி வரை அவள் எழுந்திருக்கவில்லை. கஸ்தூரி ஒருபுறம் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஹேமநாதன் இரண்டு தடவை தே தாரிக் தேநீர் வாங்கிவந்து வைத்தார். இரண்டாவது தடவை அவளுக்குப் பிடித்த வாழைப்பழப் பலகாரமும் கூட வந்தது.

முடிந்ததும் அண்ணனையே ஏற்றிப் பார்க்கச் சொன்னாள். ஹேமநாதன் படத்தை ஏற்றினார். பெயருக்குப் பின்னால் எட்டு எழுத்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டேகாலை எட்டுப் பதினாறு என்று மாற்றி மறுபடி ஏற்றினார். ஒரே ஒரு நிமிஷம்தான் மாறியது, ஆனால் எட்டு எழுத்தும் அடியோடு மாறிப்போயின. மறுபடி எட்டேகாலாக்கி ஏற்றினார். முதலில் வந்த அதே எட்டு எழுத்து, ஒன்று பிசகாமல் திரும்பி வந்தது.

"இது பொய் சொல்லாது போல" என்றார்.

கஸ்தூரி மலர் டீச்சருக்கு மறுபடி போன் போட்டாள். சரியான நேரத்தை அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். பஸ்ஸையும் விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றியாகிவிட்டது. இருந்தாலும் அதே போனில் தளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டேகால்னு வந்திருச்சிங்க" என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க காலையில கூப்பிடலன்னா நாங்க வெறும் ஜெட்டியத்தான் பார்த்திருப்போம். ரொம்ப நன்றிங்கம்மா" என்றார்.

கஸ்தூரி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

* * *

சனிக்கிழமை ஏழேகாலுக்கே ஜெட்டி நிறைந்துவிட்டது. லாயாங் லாயாங் பஸ்ஸிலிருந்து இருபத்தாறு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, கடலைப் பார்த்ததும் தூக்கத்தை மறந்தார்கள். டிக்கெட் எடுக்காமல் காரில் வந்தவர்கள் மட்டும் ஐந்து குடும்பம். அவர்களில் மூவார்காரர் ஒருவர் போன சீசனிலும் வந்தவர். எப்படி நேரம் தெரியும் என்று கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் தளத்தில் பார்த்தேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் பச்சைச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

எட்டேகாலுக்குப் படகு கிளம்பியது. ஹாஜி ஜமால் ஜெட்டி முனையில் நின்று, யாராவது ஓடி வருகிறார்களா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு அவர் கவுண்டருக்கு வந்து, அடுத்த சீசனுக்கும் நீங்களே பாருங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, கஸ்தூரி கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

ஹேமநாதன் செய்த முதல் காரியம், படகைத் தவறவிட்ட மூன்று குடும்பங்களுக்கும் போன் செய்தது. தவறு எங்களுடையது, நீங்கள் சொன்னது உண்மை, உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மூன்று தடவையும் சொன்னார். குளுவாங்காரரிடம் சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார்.

பிறகு சுவரிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் எடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்தக் கவுண்டரு கையவிட்டுப் போயிருச்சின்னே நெனச்சேன். நல்ல நேரத்துக்கு நீ வந்த தேனு. கடவுளுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"கடவுள் தேனுக்குப் போன் பண்ணலங்க. நான்தான் பண்ணேன்" என்றாள் கஸ்தூரி.

ஹேமநாதன் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்து, "ஆமா. நீதான் கூப்பிட்ட. மூணு பேரு மூஞ்சியையும் ஞாபகம் வச்சிருந்ததும் நீதான். நான் மூஞ்சியப் பார்த்து ஏசத்தான் செஞ்சேன். உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் கஸ்தூரி" என்றார்.

இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு வார்த்தை கேட்டிராத கஸ்தூரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்றாவது நாற்காலியைத் துடைக்கப் போனாள். காலையில்தான் துடைத்திருந்தாள்.

தேன்மொழிக்கு இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பழைய பெயரில் இருந்த படத்தைத் தளத்திலிருந்து நீக்க வேண்டும். இனி அதை எந்தப் பக்கமும் கேட்காது. நீக்குவதற்கு முன் வழக்கப்படி, யாராவது இன்னும் அதைக் கேட்கிறார்களா என்று தளத்தின் பதிவைப் பார்த்தாள்.

ஒருவர் கேட்டிருந்தார். இன்று காலை ஐந்து நாற்பத்தொன்றுக்கு. முகப்புப் பக்கத்தைத் திறக்காமல், நேராகப் படத்தை மட்டும்.

நேற்றும் கேட்டிருந்தார், ஐந்து நாற்பதுக்கு. முந்தாநாளும். அவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். தினமும் விடியற்காலை, ஒரே போன். கையிலிருக்கும் பிரதி போதும் என்று விடாமல், திரையைக் கீழே இழுத்துப் புதிதாகக் கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் படகே ஓடாத நவம்பரிலும் டிசம்பரிலும்கூட ஒரு நாள் விடாமல் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக.

அந்தப் படத்தின் நேர் முகவரியைத் தளம் திறப்பதற்கு முன் அவள் மூன்று பேருக்குத்தான் அனுப்பியிருந்தாள், எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டு. பெரியண்ணனின் அந்தப் போன் கடலில் விழுந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணி தளத்தைத் திறந்ததே நேற்றுத்தான். மிச்சம் இருப்பது ஒருவர்.

சொல்வதா வேண்டாமா என்று தேன்மொழி தயங்கினாள். பிறகு சொன்னாள். "பழைய பேர்ல இன்னும் ஒருத்தர் தினமும் நம்ம போட் டைம் பார்க்கிறாருண்ணே. சின்னண்ணனாத்தான் இருக்கணும்."

கஸ்தூரி துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கே இருக்கிறான் என்று தெரியுமா என்று ஹேமநாதன் கேட்டார். தெரியாது, போன் லைன் என்பது மட்டும்தான் தெரிகிறது என்றாள். அவர் எழுந்து ஆற்று வாயைப் பார்த்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

"அந்தப் பழைய படத்த அழிச்சிராத" என்றார். "அதுல அடியில ஒரு வரி எழுத எடம் இருக்கா?"

இருந்தது. ஹேமநாதனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அழித்து அழித்து எழுதினார். முடித்தபோது நேர அட்டவணைக்குக் கீழே இப்படி இருந்தது: "குணா, தண்ணி வத்தினாலும் உனக்காகப் படகு நிக்கும். அண்ணன்."

தேன்மொழி அதை, தானே தப்பு என்று ஒத்துக்கொண்ட அதே முறையில், பெயரை மாற்றாமல் பழைய பெயரிலேயே ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே அவள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து முப்பத்தொன்பது. ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தொன்றுக்குப் பழைய பெயர் பதிவில் விழுந்தது.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு மறுபடியும் விழுந்தது. ஐந்து நாற்பத்தாறுக்கு இன்னொரு தடவை.

அண்ணனை எழுப்ப எழுந்தாள். ஹேமநாதன் சட்டை போட்டுக்கொண்டு அறை வாசலிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

"கேட்டானா?"

"கேட்டாருண்ணே" என்றாள் தேன்மொழி. "மூணு தரம் கேட்டாரு."